தொடாத தட்டில் நான்கு விரல்

அத்தியாயம் 11

அக்காவும் தம்பியும் சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்து போட்ட சண்டையில் போன வாரம் விட்டிருந்தோம். "நீ கிளம்பிப் போயிட்டா அம்மாவை யார் பாத்துக்கறது?" என்று சின்னவன் கேட்டான். பெரியவள் கை கழுவ எழுந்து போய்விட்டாள். வாரம் ஓடிவிட்டது, இருவரும் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. இருவரும் ஒரே ஆஸ்பத்திரியில் மருந்தாளுநர்கள். அவர்களுடைய அப்பா அங்கேயே தலைமை மருந்தாளுநராக இருந்து, போன மழைக்காலத்தில் கண்ணை மூடியவர். கடல் கடந்த பல்கலைக்கழகம் ஒன்று, வசதி குறைந்த நாடுகளின் மருந்தாளுநர்களுக்கு முதுநிலைப் பயிற்சி தருகிறது. ஒரு வருஷம் அங்கே போய்ப் படிக்க வேண்டும், திரும்பி வந்து ஊரில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இந்த முறை இடம் பெரியவளுக்கு.

அவள் போனால்தான், அந்தப் பல்கலைக்கழகம் அமைத்துக் கொடுத்த கண்ணாடி அறையை வேலைக்குத் திறக்க முடியும். புற்றுநோய் வார்டுக் குழந்தைகளுக்கான மருந்தை அந்த அறையில்தான் கலக்க வேண்டும். இப்போதைக்கு நர்சுகள் ஜன்னலோர மேஜையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கலக்குகிறார்கள். கிளம்பும் முன் வைக்கும் கைச்சுத்தத் தேர்வில் பெரியவள் தேறாவிட்டால் இடமும் போகும், அறைக்குள் இருக்கும் கருவிகளும் வரிசையில் காத்திருக்கும் வேறொரு நாட்டுக்குப் போய்விடும்.

அப்பாவுக்கு, உயிரோடு இருந்தவரை, இதில் சம்மதமே இல்லை. "நீ போய்த்தான் ஆகணுமா?" என்பதுதான் அவர் அவளிடம் கடைசியாகக் கேட்டது.

அன்றைக்குக் காலையில் பெரியவள் கண் விழித்தபோது நைட்டியின் இரண்டு கைகளும் முழங்கை வரை ஈரமாக இருந்தன.

கூரையைப் பார்த்தாள். ஓட்டை எதுவும் இல்லை. தலையணை காய்ந்திருந்தது, போர்வை காய்ந்திருந்தது. தண்ணீர்ச் சொம்பைத் தூக்கத்தில் தட்டிவிட்டிருப்போம் என்று நினைத்துக்கொண்டாள். சொம்பு நிறையத் தண்ணீரோடு அலமாரி மேல் இருந்ததை அவள் கவனிக்கவில்லை. நமக்கு வேண்டாததைக் கவனிக்காமல் இருப்பதில் எல்லோரும் கெட்டிக்காரர்கள்தான்.

சமையலறையில் அம்மா குழாயை இறுக மூடிக்கொண்டிருந்தாள்.

"மறுபடியும் திறந்து கிடந்துச்சு. சோப்பு வேற கரைஞ்சு பாதியாயிருக்கு."

"வாஷர் தேஞ்சிருக்கும்மா. ஆளைக் கூப்பிட்டு மாத்தணும்."

"வாஷர் தேஞ்சா சோப்பு கரையுமா?" அம்மா திரும்பினாள். "காலையில எழுந்ததும் முழங்கை வரைக்கும் தேச்சுத் தேச்சுக் கழுவுறது யாரு வழக்கம்னு உனக்குத் தெரியும். உங்கப்பா வந்துட்டுப் போறார்டி."

"அம்மா, காலங்காத்தால ஆரம்பிக்காத."

"சரி, ஆரம்பிக்கல. ஞாயித்துக்கிழமை அந்த வெயில்ல எங்க போயிட்டு வந்த? அதையாவது சொல்லு."

"நான் எங்க போனேன்? சாப்பிட்டுட்டுப் படுத்தவதான். சாயங்காலம் நீதானே வந்து எழுப்பின?"

அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, பாலை அடுப்பிலிருந்து இறக்கப் போய்விட்டாள். சின்னவன் அதற்குள் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பியிருந்தான். அவனுடைய டம்ளர் கழுவாமல் கிடந்தது.

மருந்தகத்தின் பின்பக்கம் இருக்கிறது அந்தக் கண்ணாடி அறை. முன்னால் ஒரு சின்ன அறை, அதில் கைகழுவும் தொட்டி, வேலையின்போது போடும் கவுன்களை மாட்டக் கொக்கிகள், மூலையில் இன்குபேட்டர். அறைக்கு இரண்டு சாவி. ஒன்று பெரியவளிடம், ஒன்று சின்னவனிடம்.

தேர்வு கேட்பதற்குச் சுலபம். கையுறை மாட்டிக்கொண்டு பொய் மருந்து ஒன்றைக் கலக்க வேண்டும். முடிந்ததும் ஐந்து விரல் நுனிகளையும் ஜெல்லி ஊற்றிய சின்ன வட்டத் தட்டில் ஒற்ற வேண்டும். விரலில் ஒரு கிருமி இருந்தாலும் போதும், இன்குபேட்டர் சூட்டில் அது வளர்ந்து வெள்ளைப் புள்ளியாக எழுந்து காட்டிக்கொடுத்துவிடும். கூடவே கண்ட்ரோல் பிளேட் என்று இன்னொரு தட்டையும் வைப்பார்கள். அதை யாரும் தொடக் கூடாது, திறக்கவும் கூடாது. ஜெல்லியில் குறையில்லை என்பதற்கு அது சாட்சி. சாட்சியில் புள்ளி வந்தால் தேர்வே செல்லாது.

இரண்டு சுற்றில் பெரியவள் சுத்தமாகத் தேறியிருந்தாள். மூன்றாவது சுற்றின் தட்டுகளை இன்றைக்குப் பார்க்க வேண்டும்.

தன் தட்டை எடுத்தாள். நிலவு போல வெறுமையாக இருந்தது. "அப்பாடா" என்று வாய்விட்டே சொன்னாள். அடுத்து, தொடாத தட்டை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தாள்.

அதில் நான்கு புள்ளிகள் இருந்தன.

சிதறிக் கிடந்தால் பரவாயில்லை, ஜெல்லி கெட்டுப்போச்சு என்று தேற்றிக்கொள்ளலாம். இவை வரிசையாக இருந்தன. ஓரத்தில் தடித்த ஒரு புள்ளி, அது கட்டைவிரல். பக்கத்தில் இரண்டு. பிறகு ஒரு விரல் அளவுக்கு வெற்றிடம். அதற்கப்புறம் சுண்டுவிரல். மோதிர விரல் இருக்க வேண்டிய இடத்தில் ஜெல்லி பளபளவென்று இருந்தது.

தட்டை விளக்குக்கு இன்னும் பக்கத்தில் கொண்டுபோனாள்.

அப்பாவின் வலது கையில் மோதிர விரல் கிடையாது. இளவயதில் மாத்திரை அடிக்கும் இயந்திரம் அதைத் தின்றுவிட்டது. மிச்ச நான்கு விரலால் அவர் மாத்திரை எண்ணும் வேகத்தைப் பார்க்க வெளியூரிலிருந்து கூட ஆள் வந்து நின்றதுண்டு.

கால் தானாகச் சுவரோரம் போனது. கழுத்துக்குப் பின்னால் யாரோ நிற்பது போலிருந்தது. திரும்பிப் பார்த்தால் கொக்கியில் தொங்கும் கவுன்கள்தான். ஒன்று மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. காற்று வர வழியில்லாமல் கட்டிய அறை அது.

மறுபடி தட்டைப் பார்த்தாள். அப்போதுதான் ஒன்று தட்டுப்பட்டது. கட்டைவிரல் வலது ஓரத்தில் இருக்கிறது. அப்படியென்றால் இது இடது கை.

பயம் வடிந்து, அந்த இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது. அப்பா சுத்தமான வலக்கைக்காரர். செத்துப்போன பிறகு யாரும் கை மாற்றிக்கொள்வதில்லை. அந்த வீட்டில் இடக்கைக்காரன் ஒருவன்தான்.

மோதிர விரலுக்கும் காரணம் இருந்தது. பிள்ளைகள் இருவரும் அப்பாவின் மேஜையில் நின்று தொழில் பழகியவர்கள். அவர் கை எப்படிப் போனதோ அப்படியே அவர்கள் கையும் போகும். வேலை செய்யும்போது மோதிர விரல் மட்டும் தூக்கிக்கொண்டு நிற்கும். "உங்கள் குடும்பத்துக்கே நான்கு விரல்தானா?" என்று கடல் கடந்த பயிற்சியாளர் கேட்டுச் சிரித்திருக்கிறார். தேர்வின்போது பெரியவள் அந்த விரலை நினைவுபடுத்திக்கொண்டுதான் அழுத்துவாள்.

சின்னவன் ஸ்டோர் ரூமில் பெட்டி பிரித்துக்கொண்டிருந்தான். பெரியவள் தட்டோடு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

"கண்ட்ரோல் பிளேட்டை ஏன்டா தொட்ட?"

"என்ன பிளேட்?"

"நடிக்காத. நாலு விரல் அச்சடிச்ச மாதிரி வளர்ந்திருக்கு. சாவி உன்கிட்டயும் என்கிட்டயும்தான் இருக்கு. உனக்கு நான் போகக் கூடாது, அவ்வளவுதானே? வாயால சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"அக்கா, நான் அந்த பிளேட்டை..."

நிறுத்தினான். அவன் கண் அவளுடைய வலது கைக்குப் போனது. அவள் தட்டைப் பிடித்திருந்த கை அது. வெகுநேரம் அதையே பார்த்தான்.

"என்னடா பாக்கிற? பேசு!"

"ஆமா," என்றான் சின்னவன். "நான்தான் தொட்டேன்."

இல்லை என்று சாதிப்பான், சத்தியம் செய்வான், குறைந்தபட்சம் கத்துவான் என்று எதிர்பார்த்து வந்தவள் அவள். இப்படி ஒரேயடியாக ஒப்புக்கொண்டதும் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"ஏன்டா?"

"பொறாமைன்னு வச்சுக்கோ."

"அந்த வார்டுக்குப் போய்ப் பாத்திருக்கியா நீ? அந்தக் குழந்தைங்க முகத்தைப் பாத்துமா உனக்கு மனசு வந்துச்சு? உன்னைத் தம்பின்னு சொல்லிக்கவே வெக்கமா இருக்கு."

அவன் முகம் சுருங்கியது. பெட்டியைக் கீழே வைத்தான்.

"மதியம் வீடியோ கால் இருக்குல்ல. நானே ஆந்தையம்மாகிட்ட சொல்லிடறேன். உன் மேல தப்பு வராது. திரும்ப ஒரு சுற்று வைப்பாங்க."

ஆந்தையம்மா என்பது அந்தக் கடல் கடந்த பயிற்சியாளருக்கு அக்காவும் தம்பியும் வைத்த பெயர். பெரிய வட்டக் கண்ணாடி போட்டிருப்பார். இங்கே பகலாக இருக்கும்போது அவருக்கு நடுராத்திரி, ஆனாலும் ஒரு கொட்டாவி விட்டதில்லை. அவரும் ஒரு காலத்தில் ஏழை நாடு ஒன்றிலிருந்து இதே பயிற்சிக்குப் போனவர்தான். பேசுவது இரு தரப்புக்கும் சொந்தமில்லாத ஒரு மொழியில். நமக்காக அதைத் தமிழில் சொல்கிறேன்.

மதியம், கண்ணாடி அறைக்கு முன்னாலிருந்த சின்ன அறையில், கணினித் திரையில் கட்டங்கள் திறந்தன. ஒன்றில் மலைநாட்டு மருந்தாளுநர் ஒருத்தி, ஸ்வெட்டரோடு. ஒன்றில் ஏதோ தீவுக்காரர், பின்னால் மின்விசிறி சத்தம். நடுவில் ஆந்தையம்மா. எல்லோரும் ஒருவர் தட்டை ஒருவர் பார்ப்பது அங்கே வழக்கம். ஒளிவு மறைவு கூடாது என்பதுதான் அவர்கள் கற்றுத்தரும் முதல் பாடமே.

பெரியவள் வாயைத் திறக்கும் முன் சின்னவன் முன்னால் வந்து நின்றான். தொடாத தட்டைத் தான் தொட்டதாகவும், அக்காவுக்கு இதில் சம்பந்தமில்லை என்றும் சொன்னான். நன்றாக மனப்பாடம் செய்து வந்தவன் மாதிரி சொன்னான்.

மலைநாட்டுப் பெண் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இதற்கு என்ன அர்த்தம் என்று தெரியும் அல்லவா?" என்றார் ஆந்தையம்மா. "இனி எந்த வருஷமும் இந்தப் பயிற்சிக்கு நீங்கள் வர முடியாது."

"தெரியும் மேடம்."

பெரியவள் திரும்பித் தம்பியைப் பார்த்தாள். அடுத்த வருஷம் அவன் போகவேண்டியவன். அதற்காக மொழி கற்றுக்கொண்டிருந்தான். கண்ணாடி முன்னால் நின்று உதட்டைக் குவித்து அவன் பேசிப் பழகுவதைப் பார்த்து அம்மாவும் அவளும் எத்தனை தடவை சிரித்திருப்பார்கள்! அவன் ஏன் இதைச் செய்தான் என்று அவளுக்கு இன்னமும் பிடிபடவில்லை.

"தட்டைக் காட்டுங்கள்," என்றார் ஆந்தையம்மா.

பெரியவள் கேமராவுக்கு முன்னால் பிடித்தாள். வட்டக் கண்ணாடி திரைக்கு மிக அருகில் வந்தது.

"அடிப்பக்கத்தைக் காட்டுகிறீர்கள். திருப்புங்கள்."

அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

தட்டுகளை இன்குபேட்டரில் கவிழ்த்துத்தான் வைப்பார்கள். மூடியில் சேரும் ஈரம் ஜெல்லி மேல் சொட்டாமல் இருப்பதற்காக. எடுக்கும்போது அடிப்பக்கம்தான் மேலே இருக்கும், கண்ணாடியில் பார்ப்பது போல எல்லாம் இடம் வலம் மாறித் தெரியும். முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்தது. பயத்தில் அதைக் கோட்டைவிட்டிருந்தாள்.

தட்டைத் திருப்பினாள். திரையில் கட்டைவிரல் இடது ஓரத்துக்கு வந்தது.

"வலது கை," என்றார் ஆந்தையம்மா. "தம்பி எந்தக் கையால் வேலை செய்வார்?"

தீவுக்காரரின் மின்விசிறி மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"எல்லோர் முன்னாலும் பதில் வேண்டாம். நாளைக் காலையில் மறு சுற்று, நான் பார்த்துக்கொண்டிருப்பேன். அதற்கு முன்னால் அக்கா என்னிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். சொன்னால் தேர்வு நடக்கும், இல்லாவிட்டால் இல்லை." திரை இருண்டது.

இருண்ட திரையில் இரண்டு பேர் முகமும் தெரிந்தது. பெரியவள் முகத்தில் ஈயாடவில்லை.

"உன்கிட்ட கேட்டப்ப ஏன்டா ஆமான்னு சொன்ன?"

"விடுக்கா."

"எதிர்காலத்தையே தூக்கிக் குடுத்திருக்க. யாரைக் காப்பாத்துற? யார் தொட்டாங்க?"

சின்னவன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தான். வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. மருந்தகத்தில் கூட்டம் குறைந்து, யாரோ ஷட்டரைப் பாதி இழுக்கும் சத்தம் கேட்டது.

"ஞாயித்துக்கிழமை மதியம் எனக்கு டியூட்டி," என்று ஆரம்பித்தான். "ஃபார்மசில யாரும் இல்ல. பின்னால தண்ணி ஓடுற சத்தம் கேட்டுச்சு. வந்து பாத்தேன். நீ அந்தத் தொட்டில கை கழுவிட்டிருந்த. முழங்கை வரைக்கும், தேச்சுத் தேச்சு."

"ஞாயித்துக்கிழமை நான் வீட்ல தூங்கிட்டிருந்தேன்டா."

"அக்கான்னு கூப்பிட்டேன். நீ திரும்பல. இன்குபேட்டரைத் திறந்து ஒரு பிளேட்டை எடுத்த. கிளவுஸ் இல்ல. வெறுங்கை, ஈரக்கை. மூடியை எடுத்துட்டு மெதுவா ஒத்தின. குழந்தைக்குப் பொட்டு வைக்கிற மாதிரி அவ்வளவு மெதுவா. எந்த பிளேட்டுன்னு எனக்குத் தெரியல. இன்னைக்கு நீ வந்து நாலு விரல்னு கேட்டப்பதான் தெரிஞ்சுது."

பெரியவளுக்குக் காலையில் நனைந்திருந்த நைட்டி ஞாபகம் வந்தது. அம்மா கேட்ட கேள்வி ஞாபகம் வந்தது. பக்கத்திலிருந்த ஸ்டூலைத் தேடிப்பிடித்து உட்கார்ந்தாள்.

"என்னைத் தட்டி எழுப்பியிருக்கலாம்ல?"

"பயந்துட்டேன்க்கா."

"நான்தானே? என்னைப் பாத்து என்ன பயம்?"

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. சின்னப் பிள்ளை மாதிரி சட்டைக் கையால் துடைத்துக்கொண்டான்.

"போகும்போது நீ என் பக்கம் திரும்பி, 'அரைமாத்திரை, கதவைச் சாத்து, தூசி உள்ள வருது'ன்னு சொன்ன."

"அரைமாத்திரையா? அது யாரு?"

"நான்தான். குறைமாசத்துல பொறந்தேன்ல, அதுக்காக அப்பா வச்ச பேரு. நாங்க ரெண்டு பேர் மட்டும் ஸ்டோர் ரூம்ல இருக்கிறப்பதான் கூப்பிடுவார். அம்மாவுக்குக்கூடத் தெரியாது. நான் யார்கிட்டயும் சொன்னதில்ல." அவன் குரல் கம்மியது. "உனக்கு அந்தப் பேர் தெரியவே தெரியாதேக்கா."

கொக்கியில் தொங்கிய கவுன் அசையாமல் இருந்தது. தொட்டிக் குழாயின் முனையில் ஒரு சொட்டு திரண்டு நின்றது.

பெரியவள் அழுதாள். பயத்தில் அழுகிறாளா, பாவம், தம்பியை என்னவெல்லாம் சொல்லிவிட்டோம் என்று அழுகிறாளா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. "வெக்கமா இருக்குன்னு சொல்லிட்டேனேடா" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "பரவால்லக்கா, நீ போயிட்டு வந்தாப் போதும்" என்றான் அவன். போன வாரம் போகாதே என்று கத்திய அதே வாய்தான்.

"நாளைக்கு ஆந்தையம்மாகிட்ட உண்மையைச் சொல்லிடுவேன்," என்றாள். "என் கைதான்னு சொல்லிடுவேன். உன் பேர் கெடக் கூடாது. ஆனா, இந்தக் கையாலதானேடா நாளைக்குத் தேர்வுல ஒத்தணும்? இந்தக் கையாலதானே அந்தக் குழந்தைங்களுக்கு மருந்து கலக்கணும்?"

வலது கையை மேஜை மேல் விரித்து வைத்தாள். நான்கு விரல் படிந்தது. மோதிர விரல் மட்டும் வழக்கம்போலத் தூக்கிக்கொண்டு நின்றது. தேர்வுக்கு அழுத்துவது போல அதை மேஜையில் அழுத்தப் பார்த்தாள். எப்போதும் கீழே வந்துவிடும்.

இன்றைக்கு வரவில்லை.

சின்னவன் தன் கட்டைவிரலை அதன் மேல் வைத்துப் பலமாக அழுத்தினான். விரல் மேஜையைத் தொட்டது.

"விடாதடா," என்றாள் பெரியவள்.

அவன் விடவில்லை. இன்னொரு கையையும் சேர்த்து அழுத்தினான். இரண்டு கைக்கும் அடியில், அவசரமே இல்லாமல், அந்த விரல் எழுந்தது.